ஈ.ஐ. எடுக்கும்போது பகுதிநேர வேலை: எவ்வளவு வெட்டுவார்கள், எப்படி அறிக்கை கொடுப்பது?

பூவரசு கேட்டது:

வணக்கம். கனடா, ஒன்ராறியோ, வயது 22. கடை வேலை ஆட்குறைப்பில் நின்றுவிட்டது, ஈ.ஐ. (வேலை இழந்தவர்களுக்கு அரசு தரும் வேலைக் காப்புறுதிக் காசு) கிடைத்திருக்கிறது. கிழமைச் சம்பளச் சராசரி 600 டொலர் என்று எடுத்து, கிழமைக்கு 330 டொலர் தருகிறார்கள். இப்போது ஓர் உணவகத்தில் வெள்ளி மாலையும் சனி ஞாயிறும் சேர்த்து 12 மணித்தியாலம் வேலை இருக்கிறது. மணிக்கு 18 டொலர். சம்பளம் இரண்டு கிழமைக்கு ஒருமுறை.

கேட்டவர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஒருவர் "வேலைக்குப் போன அன்றே ஈ.ஐ. நின்றுவிடும்" என்கிறார். இன்னொருவர் "காசாக வாங்கிக்கொள், எழுதாதே" என்கிறார். உண்மையில் எவ்வளவு வெட்டுவார்கள்? ஈ.ஐ.க்கு இரண்டு கிழமைக்கு ஒருமுறை கொடுக்கும் அறிக்கையில் எந்தக் காசை எந்தக் கிழமையில் போடவேண்டும்? இந்த வேலை சரிவராவிட்டால் விட்டுவிடலாமா? முறை தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

தம்பி, முதலில் வெட்டுகிற கணக்கைப் பார்ப்போம். அது விளங்கினால் பாதிப் பயம் போய்விடும்.

பகுதிநேர வேலையில் கிடைக்கும் ஒவ்வொரு டொலருக்கும் ஈ.ஐ.யில் 50 சதம் குறைப்பார்கள். இந்த அரைவாசி முறைக்கு ஓர் எல்லை உண்டு: உங்கள் கொடுப்பனவைக் கணிக்க எடுத்த கிழமைச் சராசரியின் 90 வீதம். உங்கள் சராசரி 600 என்பதால் எல்லை 540 டொலர். அதற்கு மேலே உழைக்கும் ஒவ்வொரு டொலருக்கும் முழு டொலரும் வெட்டுப்படும். 2018 முதல் இது நிரந்தர விதி. தனியாக விண்ணப்பிக்க எதுவும் இல்லை, அறிக்கையில் போட்ட தொகையை வைத்து அவர்களே கழிப்பார்கள்.

இனி உங்கள் எண்கள். 12 மணித்தியாலம், 18 டொலர்: 216. ஒன்ராறியோவில் பல முதலாளிகள் 4 வீத விடுமுறைக் காசை ஒவ்வொரு சம்பளத்தோடும் சேர்த்துத் தருவார்கள். அப்படித் தந்தால் அதுவும் உழைப்புத்தான், 216 உடன் 8.64 சேர்ந்து 224.64. அதில் பாதி ஏறத்தாழ 112. 330இல் 112 போக 218 வரும். சம்பளம் 225, ஈ.ஐ. 218, கிழமைக்கு மொத்தம் ஏறத்தாழ 443. வேலைக்குப் போகாமல் இருந்தால் 330தான். வரி பிடிப்பதற்கு முந்திய தொகைகள் இவை.

எல்லைக்குக் கிட்டப் போனால் என்ன நடக்கும் என்றும் பாருங்கள். 540 உழைத்தால் 270 வெட்டு, ஈ.ஐ. 60, மொத்தம் 600. 570 உழைத்தால் 270உம் மேலே 30உம் வெட்டு, ஈ.ஐ. 30, மொத்தம் அப்போதும் 600. 600 உழைத்தால் ஈ.ஐ. பூச்சியம். ஆகவே 540க்கும் 600க்கும் இடையில் எவ்வளவு ஓடினாலும் அந்தக் கிழமைக் கணக்கு ஒரே இடத்திலேயே நிற்கும்.

கொடுப்பனவு சராசரியின் 55 வீதம், உங்கள் 330 வந்தது அப்படித்தான். உச்சவரம்பும் உண்டு, 2025இல் தொடங்கிய கிளெய்முக்கு (ஈ.ஐ. கோரிக்கைக்கு) கிழமைக்கு 695 டொலர். இளம் ஆட்களின் சம்பளத்துக்கு அந்த உச்சம் பெரும்பாலும் பொருந்தாது.

---

வடக்குவாசல் எழுதியது:

கணக்குச் சரி. ஆட்கள் மாட்டுப்படுகிற இடம் அறிக்கை. அதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

ஈ.ஐ. கிழமை ஞாயிறு தொடங்கிச் சனி முடியும். உங்கள் முதலாளியின் சம்பளக் கிழமை திங்கள் முதல் ஞாயிறு வரை இருக்கலாம், வியாழன் முதல் புதன் வரையும் இருக்கலாம். அதனால் சம்பளத் துண்டைப் பார்த்து அப்படியே போட்டால் பெரும்பாலும் பிழைக்கும். உங்கள் விஷயத்தில் இது இன்னும் முக்கியம்: சனிக்கிழமை செய்த வேலை ஒரு ஈ.ஐ. கிழமையின் கடைசி நாளில் விழும், அடுத்த நாள் ஞாயிறு செய்த வேலை அடுத்த கிழமையின் முதல் நாளில் விழும். ஒரே வார இறுதி, ஆனால் இரண்டு கிழமைக் கணக்கு.

வேலை செய்த கிழமையில்தான் காசைப் போடவேண்டும், காசு கைக்கு வந்த கிழமையில் அல்ல. சம்பளம் இன்னும் வரவில்லை என்றாலும் போடவேண்டும். போடுகிற தொகை வரி, சி.பி.பி. (கனடா ஓய்வூதியத் திட்டம்) எல்லாம் பிடிப்பதற்கு முந்திய மொத்தச் சம்பளம். வங்கியில் விழுந்த தொகையைப் போடுவதுதான் அதிகம் நடக்கிற பிழை. உணவக வேலை என்பதால் டிப்ஸும் சேரும். அரச விடுமுறைக்கான காசு வந்தால் அதுவும்.

இதற்கு ஒரு சின்னக் கொப்பி போதும். ஒவ்வொரு நாளும் திகதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், சம்பளம் பிடிக்காத இடைவேளை, டிப்ஸ் என்று எழுதுங்கள். அறிக்கை நாளில் கூட்டி மணித்தியாலத்தையும் தொகையையும் கிழமை வாரியாகப் போடுங்கள். பிறகு சம்பளத் துண்டு வந்ததும் ஒப்பிட்டுப் பாருங்கள். முதலாளி நேரத்தைக் குறைத்துப் போட்டிருந்தாலும் அந்தக் கொப்பியே காட்டிக்கொடுக்கும்.

அறிக்கையை இணையத்திலோ 1-800-531-7555 என்ற தொலைபேசி எண்ணிலோ கொடுக்கலாம். நாள் வந்ததும் கொடுத்துவிடுங்கள். மூன்று கிழமைக்கு மேல் பிந்தினால் அந்தக் காசு கிடைக்காமல் போகலாம். உழைப்பு அதிகமாகி ஈ.ஐ. பூச்சியமாக வரும் கிழமைகளிலும் அறிக்கையை விடாதீர்கள். தொடர்ந்து நாலு கிழமை விட்டால் கிளெய்ம் செயலிழந்துவிடும், அதை மறுபடி உயிர்ப்பிக்க விண்ணப்பிக்கவேண்டி வரும்.

அறிக்கையில் ஒரு கேள்வி பலரைக் குழப்பும்: திங்கள் முதல் வெள்ளி வரை ஒவ்வொரு நாளும் வேலை செய்யத் தயாராக, விருப்பமாக, இயலுமானவராக இருந்தீர்களா? வெள்ளி மாலை உணவகத்தில் நின்றேனே என்று நினைத்து "இல்லை" போடுகிறார்கள். அப்படிப் போடத் தேவையில்லை. வேலைக்குப் போன ஆள் வேலை செய்ய இயலுமான ஆள்தான். நோய், பயணம், பிள்ளை பார்க்க ஆளில்லை போன்ற காரணத்தால் வேலை கிடைத்தாலும் போயிருக்க முடியாது என்ற நாளுக்குத்தான் "இல்லை".

"காசாக வாங்கு, எழுதாதே" என்று சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். முதலாளி ஆர்.ஓ.ஈ. (வேலை நின்றதும் தரும் வேலைப் பதிவு) போடும்போதும், டி4 (வருடச் சம்பளத் துண்டு) அனுப்பும்போதும் அது உங்கள் சின் (சமூகக் காப்புறுதி) இலக்கத்தோடு போகிறது, அந்த இலக்கத்தில்தான் ஈ.ஐ. கணக்கும் இருக்கிறது. இரண்டு வருடம் கழித்தும் கடிதம் வரும். எடுத்த காசைத் திருப்பிக் கட்டவேண்டும். தெரிந்தே மறைத்ததென்று முடிவெடுத்தால் ஒவ்வொரு பொய்க் கூற்றுக்கும் கிழமைக் கொடுப்பனவின் மூன்று மடங்கு வரை தண்டம் போடலாம். அதைவிடப் பெரிய அடி: மீறல் என்று பதிந்துவிட்டால் அடுத்த முறை ஈ.ஐ. எடுக்கத் தேவையான மணித்தியாலங்கள் கூடும். பகுதிநேரமாக மணித்தியாலம் சேர்க்கிற இளம் பிள்ளைக்கு அது தண்டக் காசைவிட மோசம்.

தெரியாமல் பிழையான தொகை போயிருந்தால் அடுத்த அறிக்கையில் கூட்டிக் குறைத்துச் சரிக்கட்டப் பார்க்கவேண்டாம், இரண்டு கிழமையும் பிழையாகிவிடும். 1-800-206-7218க்கு அழைத்து எந்தக் கிழமை, எவ்வளவு என்று சொல்லித் திருத்துங்கள். அவர்கள் விசாரணை தொடங்குமுன் நாங்களாகவே சொன்னால் தண்டம் போடுவதில்லை, கூடுதலாக எடுத்த காசை மட்டும் கட்டவேண்டும்.

---

பூவரசு எழுதியது:

மிக்க நன்றி. சனியும் ஞாயிறும் வேறு வேறு கிழமை என்பது எனக்குத் தோன்றவே இல்லை. இன்னும் மூன்று கேள்வி. வேலையை விடுவது பற்றி யாராவது சொல்லுங்கள். வார நாட்களில் செயலி வழியாக உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை செய்தால் அதுவும் இதே கணக்கா? செப்டம்பரில் கல்லூரிக்குப் போக யோசிக்கிறேன், அப்போது ஈ.ஐ. என்னாகும்?

---

நெய்தல் எழுதியது:

விடுவதைப் பற்றி நான் சொல்கிறேன், தம்பி. எடுக்குமுன்பே யோசிக்கவேண்டிய விஷயம் இது.

ஈ.ஐ. எடுத்துக்கொண்டிருக்கும்போது ஒரு பகுதிநேர வேலையைத் தக்க காரணம் இல்லாமல் விட்டால், அதை மற்ற எந்த வேலையையும் தானாக விட்டதுபோலவே பார்ப்பார்கள். "சின்ன வேலைதானே, 12 மணித்தியாலம்தானே" என்பது சட்டத்தில் இல்லை. கொடுப்பனவே மறுக்கப்படலாம். தவறான நடத்தைக்காக நீக்கினாலும் அதே கதை. அதனால் எடுக்குமுன் நேர அட்டவணை, போய்வரும் தூரம், இரவு எத்தனை மணிக்கு விடுவார்கள் என்பதையெல்லாம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

தக்க காரணம் என்றால், எல்லா வழியையும் பார்த்தபிறகு விடுவதைத் தவிர வேறு நியாயமான வழி இருக்கவில்லை என்று காட்டவேண்டும். தொந்தரவு, பாகுபாடு, உடல்நலத்துக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து, சம்பளத்திலோ நேரத்திலோ பெரிய மாற்றம், மேலதிக நேரத்துக்குக் காசு தராதது போன்றவை ஏற்கப்படும். "பிடிக்கவில்லை", "களைப்பு" ஏற்கப்படாது. பிரச்சினை வந்தால் முதலில் முதலாளிக்கு எழுத்தில், குறுஞ்செய்தியாவது, சொல்லுங்கள். மருத்துவக் காரணம் என்றால் மருத்துவரின் கடிதத்தை விடுமுன் எடுங்கள். விட்டபிறகு தேடுகிற ஆதாரம் அவ்வளவு எடுபடாது. ஈ.ஐ.க்கும் விடுமுன்னரே அழைத்துக் கேட்டு வைப்பது நல்லது.

மறுப்புக் கடிதம் வந்தால் கைவிடாதீர்கள். 30 நாளுக்குள் மீளாய்வு கேட்கலாம், இலவசம். அதிலும் சரிவராவிட்டால் சமூகப் பாதுகாப்புத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம்.

முதலாளி தானாகவே நேரத்தைக் குறைத்தாலோ நிறுத்தினாலோ உங்களுக்குப் பாதிப்பு இல்லை. அறிக்கையில் உழைப்புக் குறைந்ததைப் போட்டால் ஈ.ஐ. தானாகக் கூடும். ஆர்.ஓ.ஈ. அனுப்பினார்களா என்று மட்டும் பாருங்கள்.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

பலர் கவனிக்காத இரண்டு விஷயத்தை மேலே நான் விட்டுவிட்டேன்.

ஒன்று, முழுக் கிழமை. அந்த இடத்தில் உங்கள் வகை ஆட்கள் வழமையாகச் செய்யும் முழு வேலைக் கிழமையை நீங்களும் செய்தால், சம்பளம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்தக் கிழமைக்கு ஈ.ஐ. இல்லை. 50 சதக் கணக்கெல்லாம் முழுக் கிழமை செய்யாதபோதுதான். யாரோ விடுமுறையில் போய் அவர் இடத்தை ஒரு கிழமை நீங்கள் முழுமையாகப் பிடித்தால் இது வந்து நிற்கும்.

இரண்டு, கிழமைகளின் எண்ணிக்கை. உங்களுக்கு இத்தனை கிழமை என்று ஒரு தொகை ஒதுக்கியிருப்பார்கள். பிரதேச வேலையின்மையையும் உங்கள் மணித்தியாலங்களையும் பொறுத்து 14 முதல் 45 வரை. ஒரு கிழமைக்கு 10 டொலர் ஈ.ஐ. வந்தாலும் ஒதுக்கிய கிழமையில் ஒன்று கழிந்துவிடும். ஒன்றுமே வராத கிழமை கழியாது, பிறகு எடுக்கலாம், ஆனால் கிளெய்ம் தொடங்கிய 52 கிழமைக்குள் எடுக்கவேண்டும்.

இதை உங்கள் எண்ணில் வைத்துப் பாருங்கள். விடுமுறைக் காசோடு மணிக்கு 18.72. ஒரு கிழமை 28 மணித்தியாலம் செய்தால் உழைப்பு 524, ஈ.ஐ. ஏறத்தாழ 68. அந்த 68க்காக ஒரு முழுக் கிழமை செலவாகிறது. இன்னும் ஐந்து மணித்தியாலம் கூடச் செய்தால் 618, ஈ.ஐ. இல்லை, கிழமை மிச்சம், கையிலும் காசு கூட. எனவே "ஈ.ஐ. போய்விடும்" என்று பயந்து கூடுதல் நேரத்தை மறுப்பது நட்டம். போதாததற்கு, தகுந்த வேலையை மறுத்தால் அதற்கே கொடுப்பனவை நிறுத்தலாம்.

பகுதிநேர மணித்தியாலங்கள் வீண் போவதில்லை. காப்புறுதி பிடிக்கும் ஒவ்வொரு மணித்தியாலமும் அடுத்த கிளெய்முக்குச் சேரும். அதற்கு 52 கிழமைக்குள் 420 முதல் 700 மணித்தியாலம் வேண்டும், எவ்வளவு என்பது பிரதேசத்தைப் பொறுத்தது. காசாக வாங்கி எழுதாமல் விட்டால் போவது இதுவும்தான். ஒரு எச்சரிக்கை: அடுத்த கிளெய்மின் தொகை உங்கள் மிகச் சிறந்த 14 முதல் 22 கிழமைச் சம்பளத்தை வைத்து வரும். 12 மணித்தியாலக் கிழமைகள் மட்டுமே இருந்தால் தொகை சிறிதாகத்தான் இருக்கும். அதனால் இந்த வேலையோடு முழுநேர வேலை தேடலையும் விடாதீர்கள். எந்தத் திகதியில், எங்கே, யாருக்கு விண்ணப்பித்தீர்கள் என்ற பட்டியலும் வைத்திருங்கள். கேட்டால் காட்டவேண்டும்.

---

வடக்குவாசல் எழுதியது:

செயலி வழி வேலைக்கு வருகிறேன். ஊபர் ஈட்ஸ் போன்றவற்றில் நீங்கள் ஊழியர் அல்ல, சுயதொழில் செய்பவர். 50 சதக் கணக்கு அதேதான், ஆனால் தொகையை நீங்களே கண்டுபிடிக்கவேண்டும்: மொத்த வரவில் நடப்புச் செலவைக் கழித்த மிச்சம். எரிபொருளும் தொலைபேசித் தரவும் கழிக்கலாம், அந்த வேலைக்கு ஓடிய பங்கை மட்டும். கார் வாங்கிய காசு முதலீடு, அதைக் கழிக்க முடியாது. உதாரணமாக ஒரு கிழமை 150 டொலர் வந்து, விநியோகத்துக்கு ஓடிய எரிபொருள் 40 என்றால், போடவேண்டியது 110, வெட்டு 55. செயலி காசு அனுப்பிய நாளைப் பார்க்காமல் ஓடிய கிழமையில் போடுங்கள். பற்றுச்சீட்டும் கிலோமீற்றர்க் குறிப்பும் இல்லாவிட்டால் செலவை ஏற்கமாட்டார்கள்.

இதில் ஆபத்து வேறு. சுயதொழில் செய்பவரை முழுக் கிழமை வேலை செய்பவராகத்தான் முதலில் எடுத்துக்கொள்வார்கள். அது சிறிய அளவு, அதை நம்பி வாழ முடியாது, வேலை தேடிக்கொண்டுதான் இருக்கிறேன் என்று காட்டவேண்டியது நீங்கள். செலவிட்ட நேரம், போட்ட முதலீடு, வரவு, தொடர்ச்சி, வேலையின் தன்மை, வேறு வேலை எடுக்கும் எண்ணம் ஆகிய ஆறையும் பார்ப்பார்கள். எல்லாவற்றிலும் நேரத்துக்கும் வேலை எடுக்கும் எண்ணத்துக்கும்தான் அதிக எடை. கிழமைக்கு ஆறேழு மணித்தியாலம் மாலையில் ஓடுவது ஒன்று, தினமும் காலை முதல் இரவு வரை செயலியைத் திறந்து வைத்திருப்பது வேறொன்று. இந்த மணித்தியாலங்கள் அடுத்த கிளெய்முக்கும் சேராது. தெரிவு இருந்தால் உணவக நேரத்தைக் கூட்டிக் கேட்பதுதான் நல்லது என்பது என் கருத்து.

---

நெய்தல் எழுதியது:

கல்லூரி: முழுநேரப் படிப்பு என்றால், வேலைக்குத் தயாராக இல்லை என்றே முதலில் எடுத்துக்கொள்வார்கள். முன்பு படித்துக்கொண்டே முழுநேரம் உழைத்த வரலாறு இருந்தால் எதிர்த்து வாதாடலாம், சுலபமில்லை. சரியான வழி, மாகாணத்தின் அனுமதிபெற்ற வேலைவாய்ப்பு நிலையத்தில் ஆலோசகரைச் சந்தித்து, ஈ.ஐ. எடுத்துக்கொண்டே படிக்க அவர்கள் பரிந்துரைப்பார்களா என்று கேட்பது. ஒன்ராறியோவில் "பெற்றர் ஜொப்ஸ் ஒன்ராறியோ" திட்டம் இருக்கிறது. பரிந்துரை படிப்புத் தொடங்குமுன் கையில் இருக்கவேண்டும். சேர்ந்தபிறகு கேட்டால் பயனில்லை, ஆகவே செப்டம்பர் என்றால் கோடையின் தொடக்கத்திலேயே போங்கள். படிப்புக்காக என்று சொல்லி உணவக வேலையை நீங்களாக விட்டால், பரிந்துரை இல்லாதபோது அது தக்க காரணமாகாது. இரவு வகுப்பு, பகுதிநேரம் என்றால் பிரச்சினை குறைவு, ஆனாலும் அறிக்கையில் சொல்லவேண்டும்.

கோடையில் கலியாணம், கோயில் திருவிழா என்று ஊருக்குப் போகிறவர்களுக்கும் இதையே சொல்வேன்: கனடாவுக்கு வெளியே நின்ற நாட்களுக்குப் பொதுவாக வழமையான ஈ.ஐ. இல்லை. நெருங்கிய உறவினரின் இறுதிச்சடங்கு போன்ற சிலவற்றுக்கு ஏழு நாள் வரை விலக்கு உண்டு. அங்கிருந்து கொண்டே அறிக்கை கொடுத்து "கனடாவில் இருந்தேன்" என்று போடவேண்டாம், எல்லைச் சேவையின் தரவும் அவர்களிடம் போகிறது.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

உணவகத்தில் சேரும் அன்று டிடி1 படிவம் (சம்பளத்தில் எவ்வளவு வரி பிடிப்பது என்று முதலாளிக்குச் சொல்வது) தருவார்கள், அதில் ஒரு குறிப்பு. ஈ.ஐ.யும் வரிக்கு உட்பட்ட வருமானம். ஈ.ஐ. தருபவர்களும் அடிப்படை விலக்கை (வரி இல்லாத தொகையை)க் கொடுத்துத்தான் வரி பிடிப்பார்கள். முதலாளியிடமும் அதே விலக்கைக் கேட்டால் இரண்டு பக்கமும் வரி குறைவாகப் பிடித்து, ஏப்ரலில் நீங்கள் கட்டவேண்டி வரலாம். வருடம் முழுவதற்குமான வருமானம் விலக்கைத் தாண்டும் என்றால், படிவத்தின் இரண்டாம் பக்கத்தில் "ஒன்றுக்கு மேற்பட்ட முதலாளி அல்லது கொடுப்பனவாளர்" என்ற இடத்தில் அடையாளமிட்டு, விலக்கைப் பூச்சியம் என்று போடுங்கள். கடை வேலையின் டி4, உணவகத்தின் டி4, ஈ.ஐ.யின் டி4ஈ என்று மூன்று துண்டு வரும். மூன்றும் கைக்கு வந்தபிறகு வரி அறிக்கை கொடுங்கள்.

---

பூவரசு எழுதியது:

எல்லாம் விளங்கியது. நேர அட்டவணையை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு வேலையை எடுக்கிறேன். கல்லூரிக்கு இந்தக் கிழமையே ஆலோசகரிடம் நேரம் கேட்கிறேன். மூவருக்கும் நன்றி.